குடிநீர்ப் பாட்டிலில் குளோரின் வேண்டாம்: உணவகச் சமையலறைகளுக்கு ஓர் எச்சரிக்கை

தாசேக் கெலுகோர் – சிறுநகரங்களின் சாப்பாட்டுக் கடைகளில் இடம் குறைவு. அடுப்பு, எண்ணெய், அரிசி, பாத்திரம் கழுவும் தொட்டி, தரை கழுவும் குளோரின், பூச்சி மருந்து எல்லாமே ஒரே அறைக்குள் அடங்கிவிடும். பெரிய கலனில் வாங்கும் திரவத்தைக் கைக்கு வசதியாக இருக்கட்டும் என்று காலி மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றி வைப்பதும் உண்டு. ஆபத்து தொடங்கும் இடம் அதுதான்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த கதை. பாராகுவாட் களைக்கொல்லி பார்வைக்குக் கோலா பானம் போல் இருக்கும். பான பாட்டிலில் வைத்திருந்ததைத் தவறிக் குடித்து இறந்தவர்கள் உலகெங்கும் உண்டு. அதனால்தான் பின்னர் அதில் நீல நிறமும் துர்நாற்றமும் வாந்தி வரவைக்கும் மருந்தும் சேர்க்கப்பட்டன. மலேசியா 2020-இல் அதைத் தடை செய்தது. மருந்து போனாலும் பாட்டில் மாற்றும் பழக்கம் போகவில்லை.

23 பிள்ளைகளின் உயிர்

2013 ஜூலை 16 அன்று, இந்தியாவின் பீகார் மாநிலம் சாரன் மாவட்டத்தில், கண்டாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தனர். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி இருந்ததைத் தடயவியல் சோதனை காட்டியது. பூச்சி மருந்து இருந்த கலனில் எண்ணெய் வைக்கப்பட்டிருக்கலாம் என அதிகாரிகள் கூறினர். தலைமையாசிரியைக்கு 2016-இல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இரசாயனக் கலனில் உணவு, உணவுக் கலனில் இரசாயனம் இரண்டுமே கூடாது. கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறிய மருந்து முழுதாகப் போகாது.

தூளும் அப்படித்தான். எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் ‘சோடா அப்பி’ சர்க்கரையைப் போல வெள்ளையாக இருக்கும். 2014-இல் அமெரிக்காவின் யூட்டா மாநில உணவகம் ஒன்றில், சர்க்கரை என்று எண்ணி இத்தகைய துப்புரவுத் தூளைத் தேநீரில் கலந்துவிட்டனர். அதைக் குடித்த வாடிக்கையாளரின் வாயும் தொண்டையும் வெந்துபோயின.

பக்கத்தில் வைத்தாலும் ஆபத்து

குளோரின் கலந்த வெளுப்பானும் கழிவறை அமிலமும் சேர்ந்தால் நச்சு வாயு எழும். 2019 நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், சமையலறைத் தரையில் சிந்திய அமிலத் துப்புரவுத் திரவத்தின் மேல் குளோரின் திரவம் பட்டது. வாயுவைச் சுவாசித்த உணவக மேலாளர் இறந்தார். பத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்.

கடையில் செய்ய வேண்டியவை

• இரசாயனங்களுக்கு உணவிலிருந்து விலகிய, பூட்டுள்ள தனி அலமாரி ஒதுக்குங்கள். உணவுப் பொருளுக்கு மேல்தட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

• வாங்கிய கலனிலேயே வையுங்கள். பிரித்து ஊற்றியே ஆக வேண்டுமென்றால் அதற்கென விற்கும் பாட்டிலில் ஊற்றி, பெயரை உடனே எழுதி ஒட்டுங்கள்.

• மலேசியாவில் 2013 விதிமுறைகளின்படி இரசாயனக் கலன்களின் முகப்புச் சீட்டு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்து பணிபுரியும் தொழிலாளர்களுக்கு அது புரியாமல் போகலாம். தமிழிலும் எழுதி ஒட்டுங்கள். சிவப்புக் கட்டத்துக்குள் இருக்கும் அபாயக் குறிகளின் பொருளையும் சொல்லிக் கொடுங்கள்.

• அமிலத்தையும் குளோரினையும் ஒரே தட்டில் அடுக்காதீர்கள். எதையும் எதனோடும் கலக்காதீர்கள்.

• காலியான கலனைக் கிழித்து எறியுங்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள்.

தவறி நடந்துவிட்டால்

விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அமிலமும் காரமும் மேலே வரும்போது தொண்டையை மறுபடியும் எரிக்கும். உப்புத் தண்ணீரும் கொடுக்காதீர்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள். வாயு எழுந்தால் எல்லாரும் வெளியேறுங்கள். சுத்தம் செய்ய உள்ளே ஓடாதீர்கள். உடனே 999-ஐ அழைத்து, இரசாயனக் கலனையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தின் எண் 1-800-88-8099. அதை அடுப்படிச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

பூட்டுள்ள அலமாரிக்கும் ஒட்டும் சீட்டுக்கும் ஆகும் செலவு பெரிதல்ல. இன்று கடையை மூடுமுன் தொட்டிக்கு அடியில் இருக்கும் பெயரில்லாத பாட்டில்களை எண்ணிப் பாருங்கள்.