மேசையைச் சுற்றி ஒரு வணிகச் சாத்து: பெரியவர்களின் கதையாட்டக் குழு நிலைத்து நிற்பது எப்படி?

நம் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர்கள், "வழக்கம்போல சமண இலக்கியம் பற்றியே எழுதிக் கொடுங்க நயினாரே" என்றார்கள். அதையும் கொஞ்சம் எழுதத்தான் போகிறேன். ஆனால் இந்த முறை தலைப்பு ஒரு விளையாட்டு. ஹட் பேயில் மளிகைக் கடை வைத்திருக்கும், அறுபதைத் தாண்டிய மனுஷனுக்கு இது என்ன வேலை என்று சிரிக்க வேண்டாம். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு, வேலை முடிந்தபின் பெரியவர்கள் நாலு பேர் தவறாமல் கூடி உட்கார ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை உண்டாக்குவது சுலபம். காப்பாற்றுவதுதான் கடினம். நான் பேச வந்தது காப்பாற்றுவதைப் பற்றி.

கதையாட்டம் என்றால் என்ன?

1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர வேண்டும். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நீங்கள் ஒரு காட்டு வழியில் போகிறீர்கள், எதிரே ஆறு, ஓடம் இல்லை, என்ன செய்வீர்கள்?" என்று கதைசொல்லி கேட்பார். அவரவர் பாத்திரத்தின் குணத்துக்குத் தக்கபடி பதில் சொல்வார்கள். முயற்சி பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். பார்வையாளர் கிடையாது, எழுதி வைத்த வசனம் கிடையாது, வெற்றி தோல்வியும் கிடையாது. கதை வாரா வாரம் தொடரும்.

இது நமக்கு முற்றிலும் புதிதும் அல்ல. சிலப்பதிகாரத்தில் காடுகாண் காதையை நினைத்துப் பாருங்கள். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரை நோக்கி நடக்கிறார்கள். மாங்காட்டு மறையோன் வந்து, கொடும்பாளூர் அருகே வழி மூன்றாகப் பிரியும் என்கிறான். வலப்பக்க வழியில் சிறுமலை. இடப்பக்க வழியில் திருமால்குன்றமும் மூன்று பொய்கைகளும். நடு வழி சுலபமானது, ஆனால் அங்கே மயக்கும் கானுறை தெய்வம் உண்டு. எந்த வழி? இதுதான் கதையாட்டம். அந்தப் பொய்கைகளில் நமக்கு வேலையில்லை என்று கவுந்தியடிகள் நம் சமய நோக்கில் மறுமொழி சொல்கிறாரே, அதுதான் பாத்திரத்தின் குணத்தில் நின்று பேசுவது.

ஹட் பேயில் தொடங்கிய விதம்

லிட்டில் அந்தமானுக்கு ஹட் பேதான் வாசல். சரக்கும் ஆளும் கப்பலில் வந்து இறங்க வேண்டும். கடல் கொந்தளித்தால் கப்பல் இல்லை. கிழக்கே தள்ளி இருப்பதால் சீக்கிரம் விடிந்து சீக்கிரம் இருட்டிவிடும். கார்த்திகை, மார்கழியில் மாலை 5 மணி சுமாருக்கே பொழுது சாய்ந்துவிடும். அப்புறம் நீளமான ராத்திரி. டி.வி. முன்னால் உட்காரலாம், அல்லது பழையதை நினைத்துக்கொண்டு உட்காரலாம். இரண்டுமே உடம்புக்கு நல்லதல்ல.

சில வருஷங்களுக்கு முன், பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் விடுமுறைக்கு வந்தவன், "மாமா, நாலு பேரைக் கூப்பிடுங்க, ஒரு ஆட்டம் சொல்லித் தரேன்" என்றான். ஓர் ஆசிரியர், மருத்துவமனையில் வேலை செய்யும் அம்மா ஒருவர், என்ஜின் மெக்கானிக், தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தமிழும் இந்தியும் கலந்து பேசும் வங்காளி அண்டை வீட்டுக்காரர், நான் என்று ஆறு பேர் சேர்ந்தோம். அவன் கொண்டு வந்த பகடைகளில் நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்றெல்லாம் இருந்தன. போகும்போது அவற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நாங்கள் தாயக்கட்டைக்கு மாறினோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது இன்னும் நல்லது. ஒவ்வொரு கட்டையிலும் வெறுமை, 1, 2, 3 என நாலு முகம். இரண்டு கட்டை உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் மூன்று விழுவது 4 விதம். இரண்டும் நாலும் மும்மூன்று விதம். தாயமும் ஐந்தும் இரண்டிரண்டு விதம். ஆறு ஒரே விதம், இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டும் ஒரே விதம். ஆகவே சாதாரண வேலைக்கு 'மூன்றும் அதற்கு மேலும்' என்று வைத்தால் 16-க்கு 11 பலிக்கும். கடினமான வேலைக்கு 'நாலும் அதற்கு மேலும்' என்றால் 16-க்கு 7. இவ்வளவுதான் சட்டம். சட்டப் புத்தகம் பெருத்தால் பெரியவர்கள் ஓடிவிடுவார்கள்.

முதல் நோய்: எல்லோரும் வந்தால்தான் ஆட்டம்

தொடங்கிய ஆறே மாதத்தில் எங்கள் குழு கிட்டத்தட்டச் செத்துவிட்டது. சண்டை ஒன்றுமில்லை. "இந்த வாரம் ஒருத்தர் வரல, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்பதே எமனாக வந்தது.

வியாபாரி என்பதால் கணக்கெழுதிப் பார்த்தேன். ஒவ்வொருவரும் நாலு வாரத்தில் மூன்று வாரம் வருவார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல வருகைதான். ஆனாலும் ஆறு பேரும் ஒரே நாளில் வந்து சேருவது நூற்றுக்குப் பதினெட்டு தடவைகூட இல்லை. வருஷத்தின் 52 ஞாயிற்றுக்கிழமைகளில் சுமார் 9 மட்டும்! அதையே 'நாலு பேர் வந்தால் ஆட்டம் உண்டு' என்று மாற்றினால் நூற்றுக்கு 83, அதாவது சுமார் 43 ஞாயிறு. ஆட்கள் அதே ஆட்கள், அக்கறை அதே அக்கறை. விதி ஒன்றை மாற்றியதில் 9 என்பது 43 ஆகிறது. இந்தக் கணக்கைக் குழு நடத்தும் எவரும் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும்.

ஆனால் வராதவருடைய பாத்திரம் கதையில் என்ன ஆகும்? அதற்காகத்தான் எங்கள் கதையை வணிகச் சாத்தாக அமைத்தோம். சாத்து என்றால் பொதி மாடுகளோடு கூட்டமாகப் போகும் வணிகர் கூட்டம். கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரிலேயே அது இருக்கிறது. மணிமேகலை பாடிய சீத்தலைச் சாத்தனார் கூலவாணிகர், அதாவது எங்கள் தொழில்காரர்! எங்கள் சாத்து காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து மதுரைக்குப் போகிறது. வராதவர் அன்றைக்கு முகாமில் பொதிகளுக்குக் காவல். கதை தடைப்படாது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சுங்கச் சாவடியோ ஒரு கிணற்று வழக்கோ தொடங்கி அன்றைக்கே முடிந்துவிடும். அடுத்த வாரம் வருபவர் போன வாரம் நடந்தது தெரியாமல் விழிக்க வேண்டாம்.

நாளையும் நேரத்தையும் மாற்றவே கூடாது. ஞாயிறு மாலை 3 மணி. இருட்டிய பின் நான் உண்பதில்லை என்பதால் 4.30-க்கு டிபன், 7 மணிக்குக் கலைவது. முதலில் 'நயினாருக்காக இவ்வளவு சீக்கிரமா' என்று முணுமுணுத்தவர்கள், மறுநாள் வேலைக்குப் போக இதுவே வசதி என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள். டிபனும் ஒரே வீட்டுப் பெண்கள் தலையில் விழக்கூடாது. முறை வைத்து, ஆண்களே செய்து கொண்டுவர வேண்டும். வீட்டார் மனக்கசப்பில் முடிந்த குழுக்கள் அதிகம்.

இரண்டாவது நோய்: ஒரே தோளில் பாரம்

1891-ல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களுமாக ஏழு பேர் சுகுண விலாச சபையைத் தொடங்கினார்கள். அப்போது அவருக்கு வயது 18. பின்னாளில் வழக்கறிஞராகி, நீதிபதியும் ஆனார். சபையில் இருந்தவர்களும் படித்த, உத்தியோகம் பார்த்த ஆசாமிகள். பிழைப்புக்கு நடிக்காமல், ஆசைக்கு வேஷம் கட்டியவர்கள். 'மனோகரா' போன்ற நாடகங்கள் அங்கிருந்து வந்தன. ரங்கவடிவேலு பெண் வேடத்தில் புகழ் பெற்றார். சபை கொழும்பு வரை போய் நாடகம் போட்டது. சம்பந்த முதலியார் தம் 'நாடக மேடை நினைவுகள்' நூலில் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார்.

அவர் எழுத்தாளர், ஆசிரியர், கதாநாயகன் எல்லாமாக இருந்தாலும், சபை என்பது சபையாகவே நடந்தது. அங்கத்தினர், நிர்வாகிகள், விதிகள் என்று வைத்துக்கொண்டார்கள். இன்னொரு விஷயம், கையில் இருக்கும் ஆட்களுக்குத் தக்கபடி பாத்திரம் அமைத்தது. இல்லாத நடிகனைத் தேடிக் கதையை நிறுத்தி வைக்கவில்லை.

இதற்கு மறுபக்கம் ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்தொட்டி. திருநெல்வேலியில் அவர் வீட்டு முற்றத்தில் நண்பர்கள் கூடிக் கம்பனைச் சுவைத்தார்கள். விதி இல்லை, சந்தா இல்லை. அவர் பேச்சே விதி. பின்னால் அவர் குற்றாலத்துக்குப் போனபோது வட்டத்தொட்டியும் அவரோடு போய்விட்டது என்றே சொல்லலாம். மகா ரசிகர் ஒருவர் இருந்தால் அப்படியும் நடத்தலாம். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லாததால் சபை வழியே பத்திரம்.

எங்கள் ஊரில் உத்தியோகஸ்தர்களுக்கு மாற்றல் வந்துகொண்டே இருக்கும். முதலில் கதை சொன்ன ஆசிரியர் மாற்றலாகிப் போனதும் இரண்டு மாதம் மேசை காலி. அதிலிருந்து மூன்று பேர் முறை வைத்துக் கதை சொல்கிறோம். நடந்ததையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் பேரேடு போல எழுதி வைக்கிறோம். யார் போனாலும் நோட்டு இருக்கும்.

மூன்றாவது நோய்: நான் செய்த தவறு

இதுவரை சொன்னது கணக்கு. இனி சொல்வது அப்படியல்ல.

ஆட்டம் தொடங்கியபோதே எனக்கு ஓர் உறுத்தல். கத்தி எடுத்து வெட்டுவதாகச் சொல்வதுகூட இம்சையாயிற்றே? நம் யசோதர காவியத்தில் மாவால் செய்த கோழியைத்தான் பலி கொடுக்கிறார்கள். உயிரில்லாத கோழி. ஆனாலும் கொல்லும் எண்ணம் இருந்ததால் அந்த அரசனும் தாயும் பிறவி பிறவியாக விலங்குகளாய்ப் பிறந்து துன்பப்படுகிறார்கள். இதைச் சொல்லி, "என் பாத்திரம் யாரையும் கொல்லாது, கொன்ற பொருளில் பங்கும் வாங்காது" என்றேன். எல்லோரும் மறுபேச்சின்றி ஒத்துக்கொண்டார்கள். கள்வர்களோடு பேசி வழி வாங்குவது வெட்டுவதைவிட சுவையாக இருப்பதையும் கண்டோம்.

என் எல்லையை எல்லோரும் மதித்தார்கள். நான் மற்றவர் எல்லையைக் கேட்கவில்லை.

கதை சொல்லும் முறை எனக்கு வந்தது. மணிமேகலையில் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொள்கிறதல்லவா? படித்ததைக் காட்டும் ஆசையில் அதை விஸ்தாரமாக எடுத்தேன். கடல் பின்வாங்குகிறது, மறுபடி உயர்ந்து வருகிறது என்று சொல்லிக்கொண்டே போனேன். தோட்டத்து அண்ணன் தாயக்கட்டையை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். அப்புறம்தான் என் புத்திக்கு உறைத்தது. 2004 டிசம்பர் 26 அன்று இதே ஹட் பேயை அலை அடித்துப் போனது. அன்றும் ஞாயிற்றுக்கிழமை. அவர் வீட்டில் யார் திரும்பவில்லை என்று ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

அடுத்த மூன்று ஞாயிறு அவர் வரவில்லை. அவருடைய பாத்திரம் முகாமில் காவல் இருப்பதாக நோட்டில் எழுதினோம். நாலாவது வாரம் நானே அவர் வீட்டுக்குப் போனேன். "மன்னிச்சுக்கோங்க அண்ணே" என்றதற்கு அவர் சொன்னார்: "கதையில அலை வர்றது தப்பில்ல நயினாரே. வரப்போகுதுன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்னிக்கும் யாரும் சொல்லல."

அந்த வாரமே ஒரு விதி செய்தோம். புதிதாக எவர் சேர்ந்தாலும், கதையில் எது வரக்கூடாது என்பதை அவர் கதைசொல்லியிடம் தனியாகச் சொல்லலாம். காரணம் கேட்கக்கூடாது. ஆட்டத்தின் நடுவில் எவரும் மேசைமேல் உள்ளங்கையை வைத்தால் கதை அந்த இடத்தில் வேறு பக்கம் திரும்ப வேண்டும். விளக்கம் தேவையில்லை. இரண்டு கை விரல்விட்டு எண்ணும் தடவைதான் அது பயன்பட்டிருக்கும். ஆனால் அது இருப்பதால்தான் எல்லோரும் தைரியமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

முடிவாக

வெளியூர்களில் வாழும் நம் குடும்பங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாலு பேர் வந்தால் நடத்துங்கள். நாளை மாற்றாதீர்கள். அன்றைய கதையை அன்றே முடியுங்கள். கதை சொல்லும் பாரத்தைப் பகிருங்கள், நோட்டு எழுதுங்கள். டிபன் வேலையையும் பகிருங்கள். எதைத் தொடக்கூடாது என்று முதலில் கேளுங்கள். கதையாட்டத்துக்கு மட்டுமல்ல, திருக்குறள் வகுப்புக்கும் பஜனைக் குழுவுக்கும் நம் சங்கத்துக்குமே இது பொருந்தும்.

ஐந்தாவது ஞாயிறு தோட்டத்து அண்ணன் வந்தார். நோட்டைப் புரட்டி, தான் நாலு வாரம் முகாமில் காவல் இருந்ததாக எழுதியிருப்பதைப் படித்தார். "நாலு வாரமா காவல்னா கூலி சேர்ந்திருக்குமே, எவ்வளவு?" என்றார். கணக்குப் பார்த்துக் கொடுத்தோம். எங்கள் சாத்து இன்னும் மதுரை போய்ச் சேரவில்லை. எங்களுக்கு அவசரமும் இல்லை.