ஆளில்லாத அறையில் அதட்டும் குரல்

சிறுவயதில் அடியும் வசவும் வாங்கி வளர்ந்த சிலருக்கு, யாருமில்லாத அறையிலும் "நீ உருப்படவே மாட்டே" என்று ஒரு குரல் கேட்கிறது. ஏன்?

ஒரு விளக்கம் இது: ஓயாத பயத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் சுரப்பு தாறுமாறாகிறது. அதனால் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் எளிதில் பொங்குகிறது. எதைக் கவனிக்க வேண்டும் என்று அடையாளமிடுவதில் டோபமைனுக்குப் பங்குண்டு. அது மிகுந்தால் பக்கத்து வீட்டார் கதவைச் சாத்துவதுகூடத் தன்னைக் குறிவைத்தே என்று தோன்றும். மனதுக்குள் ஓடும் பேச்சு வெளியாள் குரலாகிவிடும்.

2012இல் ஃபிலிப்போ வரேசே குழு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது: பால்யத்தில் கொடுமையை அனுபவித்தவர்களுக்கு இப்படிக் குரலும் சந்தேகமும் எழும் மனநோய்க்கான வாய்ப்பு விகிதம், மற்றவர்களோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ 2.8 மடங்கு. அதற்காகப் பெற்றோரையெல்லாம் கூண்டில் ஏற்றிவிட வேண்டாம். மரபணுவும் காரணம், அடிபட்டவர்களில் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதுமில்லை. ஆனால் மாத்திரை எழுதும் மருத்துவர், "அது யார் குரல் மாதிரி இருக்கு?" என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம்.