பாலத்தின் அடியில் எந்தத் தகைவிலான்?

ஹைதராபாத்தில் மாதாப்பூரையும் ஜூபிலி ஹில்ஸையும் இணைக்கும் துர்கம் செருவு கேபிள் பாலம் 2020 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அதன் விளக்கொளியைப் பார்க்க மாலையில் கூட்டம் கூடுகிறது. பக்கத்து ஐ.டி. அலுவலகங்களில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஒருநாள் காலையில் போய்ப் பார்க்கலாம். பாலத்தின் கீழே இருப்பது, ஒரு காலத்தில் கோல்கொண்டா கோட்டைக்குத் தண்ணீர் தந்த ஏரி. இதுபோன்ற தக்காண ஏரிகளின் மேல் பூச்சி பிடித்தபடி தாழப் பறக்கும் சிறு பறவைகளில் பெரும்பாலானவை தகைவிலான்கள். அவற்றில் சில, தண்ணீரை ஒட்டிய பாலங்கள், மதகுகளின் அடியில் கூடு கட்டுபவை.

பறக்கும்போது இனம் காண்பது கடினம். கண் பதிவதற்குள் திரும்பிவிடும். கூடு அசையாது. அதனால் கூட்டிலிருந்து தொடங்குவதே நல்லது.

முதலில் மண் இருக்கிறதா என்று பாருங்கள். மண்ணில்லாமல் இறகும் புல்லும் எச்சிலால் ஒட்டிய கூளமாக இருந்தால் அது உழவாரன் கூடு. தோற்றத்தில் ஒத்திருந்தாலும் உழவாரனுக்கும் தகைவிலானுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. உழவாரனின் கால்கள் சுவரைப் பற்றித் தொங்கத்தான் உதவும். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவை நிச்சயம் உழவாரன்கள் அல்ல.

மண்கூடு என்றால் அதன் வடிவம் பேசும். பாதியாக உடைத்த கொட்டாங்கச்சிபோல் மேலே திறந்து, தண்ணீருக்கு மேல் தனியாக ஒட்டியிருந்தால் பெரும்பாலும் கம்பிவால் தகைவிலான். செம்பழுப்பு உச்சந்தலை, பளபளக்கும் கருநீல முதுகு, கறையில்லாத வெள்ளை வயிறு; வாலிலிருந்து இரண்டு மெல்லிய இழைகள் நீளும். 1816இல் காங்கோ ஆற்றுப் பயணத்தில் போன நார்வே தாவரவியலாளர் கிறிஸ்டென் ஸ்மித்தின் பெயரை இதன் அறிவியல் பெயர் தாங்கியிருக்கிறது. தண்ணீரை விட்டு அதிகம் விலகாத பறவை இது. வால் இழைகளை மட்டும் நம்ப வேண்டாம். பெண்ணுக்கு அவை குட்டை, இளம் பறவைக்கு முளைத்திருக்காது. வெள்ளைத் தொண்டையும் செம்பழுப்புத் தலையும்தான் உறுதியான அடையாளம்.

இதேபோன்ற திறந்த கூட்டில் உடல் முழுக்கக் கரும்பழுப்பாக ஒரு பறவை இருந்தால், அது பாறை இடுக்குகளிலிருந்து நகரக் கட்டடங்களுக்குக் குடிவந்த இன்னொரு இனம். வாலை விரிக்கும்போது சிறு வெள்ளைப் புள்ளிகள் தெரியும்.

கூடு மூடியிருந்து, நுழைவாயில் குழாயாக நீண்டிருந்தால் இரண்டு இனங்களுக்கு வாய்ப்புண்டு. பெரும்பாலும் தனிக்கூடாக இருந்தால் செம்பிட்டத் தகைவிலான். இடுப்புக்குப் பின்புறம் செம்பழுப்பு, வாலடி கருப்பு. கூடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கமாகத் தொங்கினால், தொண்டையில் கீற்றுகள் ஓடும் தகைவிலான்களின் குடியிருப்பு. உருவில் சிறியவை, வாலில் பிளவு குறைவு. சில பாலங்களில் இந்தக் குடியிருப்பு நூற்றுக்கணக்கான கூடுகளாக விரிந்திருக்கும். எனக்குப் பிடித்த காட்சி இதுதான்: ஒவ்வொரு கூடும் அலகால் கொண்டுவந்து வைத்த சேற்று உருண்டைகளால் ஆனது.

செந்தொண்டைக்குக் கீழே கரும்பட்டை கொண்ட தகைவிலானும் இந்த ஏரிகளுக்கு வரும். அது குளிர்கால விருந்தாளி. தக்காணத்தில் கூடு கட்டுவதில்லை. ஆகவே பாலத்தடிக் கூடு எதுவும் அதனுடையது அல்ல.

இந்தப் பறவைகளுக்குப் பாலம் மட்டும் போதாது, ஈரச் சேறும் வேண்டும். கரை முழுதும் கல் பதித்து நடைபாதை போட்ட ஏரியில் அவை சேற்றுக்கு எங்கே போகும்? ஏரியை அழகுபடுத்தும்போது ஒரு மூலையிலாவது மண்கரையை விட்டுவைக்க வேண்டும். பாலத்துக்கு வண்ணம் அடிக்கும் முன் அடிப்பகுதியை ஒருமுறை பார்ப்பதும் அவசியம். காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ கலைப்பதை, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது.