வீட்டு வழங்கியில் எஞ்சிய செயலிக் கோப்புறைகளை நீக்குதல்

வீட்டிலுள்ளவர்கள் படங்கள், சான்றிதழ்கள், கணக்குகள் போன்றவற்றைச் சேமித்துப் பகிர்ந்துகொள்ள, வீட்டிலேயே எந்நேரமும் இயங்கும் கணினி வீட்டு வழங்கி எனப்படும். இதற்குப் புதுக்கணினி தேவையில்லை. தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு விலையில்லாமல் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் ஒன்று நல்ல நிலையில் இருந்தாலும் போதும். தொடக்க ஆண்டுகளில் அவற்றில் விண்டோசுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. இங்குக் கூறப்படுபவை டெபியன் வகை இயங்குதளங்களுக்குப் பொருந்தும்.

ஏன் எஞ்சுகின்றன?

செயலியை நீக்கினாலும் அதன் கோப்புறைகள் சில தங்கிவிடும். இது பழுதன்று, திட்டமிட்ட ஏற்பாடு. செயலியை மீண்டும் பதிவிறக்கலாம். பயனர் சேர்த்த தரவை அப்படிப் பெற முடியாது. சுருளிப்பட்டியில் ஒரு குடும்பம் பன்னீர் திராட்சைத் தோட்டத்தின் பல ஆண்டு வரவுசெலவை ஒரு செயலியில் பதிந்துவந்தால், எஞ்சிய கோப்புறையே அக்கணக்கின் ஒரே படியாக இருக்கக்கூடும். ஆகவே, இடம் மிச்சமாவதைவிட உள்ளே இருப்பது என்ன என்பதே முதற்கேள்வி.

எங்கே இருக்கும்?

* அமைப்புக் கோப்புகள்: ‘இடிசி’ கோப்புறை
* தரவுத்தளம், பதிவேடு, தற்காலிகச் சேமிப்பு: ‘வார்’ கோப்புறைக்குள் முறையே ‘லிப்’, ‘லாக்’, ‘கேச்’
* கையால் நிறுவியவை: ‘ஆப்ட்’
* பயனருக்குரியவை: ‘ஹோம்’ கோப்புறைக்குள், புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புறைகள்

எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதை ‘டியூ’ கட்டளை காட்டும்.

உரியவரை அறிதல்

‘ஏபிடி’ கட்டளையின் ‘ரிமூவ்’ செயலியை மட்டும் நீக்கும். ‘பர்ஜ்’ அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து நீக்கும். ‘டிபிகேஜி’ பட்டியலில் ஒரு பெயருக்கு முன் ‘ஆர்சி’ என்று இருந்தால், செயலி போய் அமைப்பு மட்டும் நிற்கிறது என்று பொருள். அப்பெயருக்குப் பின்னரும் ‘பர்ஜ்’ கொடுக்கலாம். மரியாடிபி போன்ற தரவுத்தளங்களை இவ்வாறு நீக்கும்போது, தரவையும் அழிக்கலாமா என்ற கேள்வி வரும். படிக்காமல் ‘ஆம்’ சொல்லக்கூடாது.

கோப்புறையின் உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண் தெரிந்தால், அந்தப் பயனர் கணக்கு நீக்கப்பட்டிருக்கலாம். ஆனால் டாக்கர் கொள்கலன்கள் பயன்படுத்தும் கோப்புறைகளிலும் இப்படி எண் தெரிவதுண்டு. எண்ணை மட்டும் பார்த்து அநாதைக் கோப்புறை என்று முடிவுசெய்ய வேண்டாம்.

டாக்கரில் கொள்கலனை நீக்கினாலும் அதன் பெயரிட்ட தரவுத்தொகுதி நிலைத்திருக்கும். அதைத் தனியே பார்த்துத்தான் நீக்க வேண்டும்.

நீக்கும் முறை

1. தொடர்புடைய சேவை நின்றுவிட்டதா எனப் பார்க்கவும். இயங்கும் நிரல் ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தால், கோப்பை அழித்தாலும் இடம் உடனே விடுபடாது.
2. வெளி வன்தட்டில் ஒரு படி எடுத்து, அதிலிருந்து சில கோப்புகளைத் திறந்து சோதிக்கவும்.
3. உடனே அழிக்காமல் கோப்புறையின் பெயரை மாற்றி வைக்கவும். இதனால் இடம் மிச்சமாகாது. ஆனால் வேறு செயலி அதை நம்பியிருந்தால் பிழைச்செய்தி வரும். பழைய பெயரைத் திரும்ப இட்டால் சரியாகிவிடும்.
4. ஒரு மாதம் சிக்கல் இல்லையென்றால் அழிக்கவும்.

அழிக்கும் ‘ஆர்எம்’ கட்டளைக்குக் குப்பைத்தொட்டி கிடையாது. முகவரியில் ‘வார்’ என்பதற்குப் பின் தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்தால், உள்ளிருக்கும் ஒரு கோப்புறைக்குப் பதிலாக ‘வார்’ முழுவதுமே அழியக்கூடும். முழு முகவரியையும் தட்டச்சு செய்து, ஒருமுறை வாய்விட்டுப் படித்த பிறகே பதிவு விசையை அழுத்துவது நல்லது.

முன்னேற்பாடு

செயலியை நிறுவும் நாளிலேயே அதன் பெயர், தரவு இருக்கும் கோப்புறை, பயன்படுத்துபவர் ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், நீக்கும் நாளில் ஊகிக்க வேண்டியிராது. வழங்கியைப் பார்த்துக்கொள்பவர் வெளியூர் சென்றுவிட்டாலும், வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு அக்குறிப்பே வழிகாட்டும்.