சதைப் பரிசோதனை: கையெழுத்தும் ரிப்போர்ட்டும் உங்களுடையவை

மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்த பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பல பெண்கள் இதை மாதக்கணக்கில் மறைக்கிறார்கள். உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்திருப்பார்கள். பெற்ற மகளிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால், "சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்மா" என்பார் மருத்துவர். அதைக் கேட்டதும் வீடே கலங்கிப்போகும். ஆனால் இப்படி இரத்தம் படுகிறவர்களில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது பேருக்குக் காரணம் புற்றுநோய் இல்லை. சவ்வு மெலிந்து உலர்ந்திருக்கும், அல்லது பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சி இருக்கும். அந்தப் பத்தாவது ஆளைச் சீக்கிரம் கண்டுபிடித்துக் காப்பாற்றத்தான் இந்தப் பரிசோதனை.

பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டுச் சிறிது சதையை உறிஞ்சி எடுப்பார்கள். சில நிமிட வேலை. வலிக்கவே வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; சிலருக்கு மாதவிடாய் வலி போல இருக்கும், சிலருக்கு அதைவிடக் கடுமையாகச் சுருட்டிப் பிடிக்கும். முன்கூட்டியே வலி மாத்திரை போடலாமா என்று கேளுங்கள். பொறுக்க முடியாவிட்டால் "நிறுத்துங்க" என்று சொல்லுங்கள். வேறொரு நாளில் மயக்க மருந்து கொடுத்துச் செய்ய வழி உண்டு. 'பிள்ளை பெத்தவதானே, இதைத் தாங்க மாட்டியா' என்று ஒரு பெண்ணை அதட்ட எவருக்கும் உரிமை இல்லை. பரிசோதிப்பவர் ஆண் மருத்துவர் என்றால் உடன் ஒரு பெண் இருக்க வேண்டும். நோயாளிகள் உரிமைச் சாசனம் அப்படித்தான் சொல்கிறது.

ஒப்புதல் படிவத்தில் நீங்களே கையெழுத்திடுங்கள். வயது வந்த, சுயநினைவோடு இருக்கிற பெண்ணுக்காகக் கணவரோ மகனோ ஒப்புதல் தர முடியாது. டெல்லியில் 1995இல், 44 வயதுப் பெண் ஒருவர் வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குச் சம்மதித்து மயக்கத்தில் இருந்தபோது, அவருடைய தாயாரிடம் ஒப்புதல் வாங்கிக் கர்ப்பப்பையையும் சூலகங்களையும் அகற்றிவிட்டார்கள். அந்த சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்கான ஒப்புதல் ஆகாது, உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து இருந்தால் மட்டுமே விலக்கு. படிவத்தில் 'தேவைப்பட்டால் வேறு அறுவை சிகிச்சையும்' என்று பொதுவாக அச்சிட்டிருந்தால், எதற்கு என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எடுத்த சதையை ஒரு பாட்டிலில் போட்டு, "லேபில் கொடுத்துட்டு வாங்க" என்று உறவினர் கையிலேயே கொடுப்பது பல இடங்களில் வழக்கம். அந்தப் பாட்டிலைப் பாருங்கள். வெறும் தண்ணீரிலோ சலைனிலோ இல்லாமல், சதை கெடாமல் காக்கும் ஃபார்மலினில் இருக்கிறதா, பெயர், வயது, எண், எடுத்த இடம் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று சரிபாருங்கள். லேபில் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். சதை கெட்டுப்போனாலோ ஆள் மாறினாலோ மறுபடி அந்த வலியைப் படப்போவது நீங்கள்தான்.

பரிசோதனைக்குப் பிறகு சில நாட்கள் லேசாக இரத்தம் படலாம். ஆனால் காய்ச்சல், துர்நாற்றம், கடும் வயிற்றுவலி, ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைகிற அளவு போக்கு என்றால் ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

முடிவு வர ஒன்று, இரண்டு வாரம் ஆகலாம். சதையை மெழுகில் பதித்து, மயிரிழையைவிட மெல்லியதாகச் சீவி, சாயமேற்றிப் பார்க்க வேண்டும். சில சமயம் கூடுதல் சாயங்களும் தேவைப்படும். அதனால் தாமதமானாலே கெட்ட செய்தி என்று அர்த்தமில்லை. எந்தத் தேதியில், யாரிடம் கேட்க வேண்டும் என்று முதல் நாளே எழுதி வாங்கிக்கொண்டால் பாதித் தவிப்பு குறையும். இரவில் தூக்கம் வராவிட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

'அம்மாகிட்ட சொல்லாதீங்க டாக்டர்' என்று பிள்ளைகள் கேட்பது பாசத்தால்தான். ஆனாலும் அது தவறு. தன் உடம்பில் என்ன இருக்கிறது என்று தெரியாத பெண்ணால் எதையும் தீர்மானிக்க முடியாது. முடிவை முதலில் உங்களிடமே சொல்லச் சொல்லுங்கள். மருத்துவ ஆவணங்களைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி.

'போதிய சதை இல்லை' என்று ரிப்போர்ட் வந்தால் நோய் இல்லை என்று பொருளல்ல. இரத்தம் தொடர்ந்தால் மறுபடி பார்த்தே ஆக வேண்டும். செல்களில் மாறுபாடு இல்லாத வெறும் தடிப்பு என்றால் ஹார்மோன் சிகிச்சையிலேயே பெரும்பாலும் சரியாகும். 20 ஆண்டுகளில் அது புற்றுநோயாகும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. இந்த இடத்தில்தான் 'கர்ப்பப்பையை எடுத்துடலாம்' என்ற அவசரம் காட்டப்படுகிறது. ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் லேபில் கேட்டு வாங்கி வேறொரு மருத்துவமனையில் இரண்டாம் கருத்து கேளுங்கள். மறுபடி சதை எடுக்க வேண்டியிருக்காது.

ஒப்புதல் இல்லாமல் எதுவும் செய்திருந்தால், கட்டண மருத்துவமனை மீது இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே கண்காணிப்பாளரிடமோ டீனிடமோ எழுத்தில் புகார் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். மருத்துவரின் நடத்தை பற்றிய புகாரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு அனுப்பலாம்; கட்டணமா இலவசமா என்ற வேறுபாடு அதற்குக் கிடையாது.