‘ஒன்றுமில்லை’ என்னும் சொல்

உடலெங்கும் நோகிறது என்று வீட்டில் ஒருவர் பல திங்களாகச் சொல்லி வருகிறார். இரத்தச் சோதனையிலும் எக்ஸ்ரே படத்திலும் குறை காணப்படவில்லை. மருத்துவர் ‘ஒன்றுமில்லை’ என்கிறார். பினாங்குத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இடறுவது இச்சொல்லில்தான். வீக்கமோ முறிவோ இல்லை என்பது மருத்துவர் கருத்து. நோயே இல்லை என்று கொள்வது வீட்டார் வழக்கம்.

இத்தகைய நோவுகளுள் ஒன்று பைப்ரோமயால்ஜியா. நாரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும், தசையையும் நோவையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களும் கூடிய பெயர் இது. தசைநார் நோவு எனலாம். பெயர் பொருளைச் சரிவரக் காட்டவில்லை. 1904இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் இதனை நாரிழையின் அழற்சி எனக் கருதிப் ‘பைப்ரோசைட்டிஸ்’ என்றார். பின்வந்தோர் அங்கே அழற்சியைக் காணவில்லை. நோவுணர்ச்சியை ஏற்று அளக்கும் நரம்பு மண்டலமே மிகைபட அளக்கிறது என்பது இன்றைய கொள்கை. 2002இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் கட்டைவிரலை அழுத்தி, அப்போது மூளையைப் படம்பிடித்தனர். நலமுடையோர்க்கு மிகுந்த அழுத்தத்தில் தோன்றும் கிளர்ச்சி, இந்நோயாளர்க்குச் சிறிதழுத்தத்திலேயே தோன்றிற்று. இதனை நடிப்பென்பார் யாது விடை கூறுவர்?

நோவோடு களைப்பும், உறங்கியும் தெளியாமையும், மறதியும் சேரும். பெண்டிரிடையே மிகுதி, ஆகவே ‘சோம்பல்’ என்னும் பழியும் அவர்களையே சேர்கிறது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படியேறிய மருமகள் மறுநாள் சோற்றுப்பானையை இறக்க மாட்டாமல் கிடந்தால், ‘நேற்று முடிந்தது இன்று முடியாதா?’ என்று கேட்கின்றனர். நல்ல நாளில் அளவு மீறி உழைத்தால் அடுத்த நாட்கள் படுக்கையில் கழிவது இந்நோயின் இயல்பே.

முற்றும் தீர்க்கும் மருந்து இல்லை. சில மருந்துகள் சிலர்க்கு ஓரளவு உதவும். ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பு 2016இல் வெளியிட்ட பரிந்துரைகளில், உறுதியாக வற்புறுத்தியது உடற்பயிற்சி ஒன்றையே. தாவரப் பூங்காவில் பத்து நிமிடம் நடந்து, உடல் ஏற்குமளவு சிறிது சிறிதாகக் கூட்டலாம். உடன் நடக்க ஒருவர் வேண்டும். மூட்டு வீக்கம், காய்ச்சல், உடல் மெலிவு புதிதாகத் தோன்றினால் பழைய நோவென்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் செல்க.

குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல் எனத் தமிழில் நோவுக்குச் சொற்கள் பல. மருத்துவர் தமிழறியாதவரானால் இவையெல்லாம் ‘சாக்கிட்’ என்னும் ஒரு மலாய்ச் சொல்லில் அடங்கிவிடுகின்றன. மலாயிலும் ‘லெங்கு’, ‘ஙிலு’ என வேறு சொற்கள் உள. வீட்டார் நோயாளியிடம் எவ்வகை நோவு, எப்போது மிகுகிறது என்று கேட்டு, முன்னாளே ஒரு தாளில் குறித்துச் செல்வது நன்று.