நாற்றத்துக்கு நன்றி!

குழந்தைகளே, ஒரு காலைப் பொழுதைக் கற்பனை செய்து பாருங்கள். கண் விழிக்கிறீர்கள். வீடு முழுக்க அழுகிய முட்டை நாற்றம்! அம்மா பதறிப்போய் சமையலறைக்கு ஓடுகிறார். சிலிண்டர் மூடித்தான் இருக்கிறது. சரி, ஜன்னலைத் திறக்கலாம் என்றால், வெளியே நாற்றம் இன்னும் அதிகம். எதிர்வீட்டுத் தாத்தா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். தெருவே நாறுகிறது. ஊரே நாறுகிறது. காரணம் மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

இப்படி ஒன்று உண்மையிலேயே நடந்தது. ஒரு ஊரில் மட்டுமல்ல, இரண்டு நாடுகளில்!

கடல் தாண்டிய நாற்றம்

பிரான்ஸ் நாட்டின் வடக்கே, சேன் நதிக்கரையில் ருவான் என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே உள்ள லூப்ரிசோல் என்ற தொழிற்சாலையில், எஞ்சின் எண்ணெயில் கலக்கும் ரசாயனங்களைத் தயாரித்து வந்தார்கள். 2013 ஜனவரி 21, திங்கட்கிழமை. அங்கிருந்த ஒரு தொட்டியில் ரசாயனம் சிதைந்து, மெர்காப்டன் என்ற வாயு கசிய ஆரம்பித்தது.

மெர்காப்டனில் கந்தகம் இருக்கிறது. அழுகிய முட்டைக்கோஸ், பூண்டு, அழுகிய முட்டை எல்லாம் சேர்ந்தது போல நாறும். நூறு கோடி பங்கு காற்றில் ஒரு சில பங்கு கலந்தாலே போதும், நம் மூக்கு கண்டுபிடித்துவிடும்!

அன்று இரவு காற்று, நாற்றத்தை 100 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள பாரிஸ் நகருக்குக் கொண்டுபோனது. பிறகு காற்றின் திசை மாறியது. மறுநாள் நாற்றம் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி, இங்கிலாந்தின் தென்பகுதிக்கே போய்விட்டது. பாஸ்போர்ட் இல்லாமலே வெளிநாட்டுப் பயணம்!

மக்கள் என்ன செய்தார்கள்? "எங்கள் வீட்டில் கேஸ் கசிகிறது, உடனே வாருங்கள்" என்று தீயணைப்புத் துறைக்கும் போலீசுக்கும் போன் மேல் போன் போட்டார்கள். சிலருக்குத் தலைவலி, சிலருக்குக் குமட்டல். ருவான் நகரில் நடக்கவிருந்த கால்பந்துப் போட்டியைக்கூடத் தள்ளிவைத்தார்கள்.

"இந்த அளவு மெர்காப்டனால் உயிருக்கு ஆபத்து இல்லை" என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். ஆனாலும் அவர்களுக்கு ஒரு கவலை இருந்தது. ஊர் முழுவதும் கேஸ் நாற்றம் அடிக்கும்போது, ஒரு வீட்டில் நிஜமாகவே கேஸ் கசிந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

காற்று சொல்லும் சேதி

நாற்றம் இவ்வளவு தூரம் எப்படிப் போகிறது? நான் ஆசிரியராக இருந்தபோது வகுப்பில் ஒரு விளையாட்டு வைப்பேன். எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நான் ஒரு மூலையில் ஊதுபத்தி ஏற்றி வைப்பேன். வாசனை தெரிந்ததும் கையைத் தூக்க வேண்டும்.

ஜன்னல்கள் மூடியிருந்தால், பக்கத்தில் இருப்பவர்களின் கைகள் முதலில் உயரும். பிறகு மெல்ல மெல்லக் கடைசி வரிசைக்குப் போகும். ஜன்னலைத் திறந்துவிட்டால் கதையே மாறிவிடும்! காற்று போகும் திசையில், தூரத்தில் இருப்பவன் கையைத் தூக்குவான். பத்திக்குப் பக்கத்திலேயே, ஆனால் காற்று வரும் பக்கம் உட்கார்ந்திருப்பவன் சும்மா இருப்பான்.

அதனால், "இங்கே நாறுகிறது" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்றும் சொன்னால், நாற்றம் கிளம்பிய இடத்தைத் தேடுவது சுலபம்.

நாற்றம் இல்லாத கேஸ்

சரி, தொழிற்சாலையில் கசிந்த வாயுவை எல்லோரும் ஏன் வீட்டு கேஸ் என்று நினைத்தார்கள்? அதற்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர். அங்கே இருந்த பெரிய பள்ளிக்கூடத்தை, குளிர்காலத்தில் இயற்கை எரிவாயுவைக் கொண்டு சூடாக்கி வந்தார்கள். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. குழாயிலிருந்து கசிந்த வாயு, கட்டடத்தின் அடியில் தேங்கிக்கொண்டே வந்தது. தலை வலிக்கிறது என்று மாணவர்கள் சிலர் சொல்லிவந்தார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1937 மார்ச் 18, பிற்பகல் 3 மணி தாண்டியிருந்தது. பள்ளி முடியும் நேரம். மரம் இழைக்கும் மின் இயந்திரம் ஒன்றின் சுவிட்சைப் போட்டார்கள். அதிலிருந்து ஒரு சிறு பொறி. அவ்வளவுதான், கட்டடமே வெடித்துச் சிதறியது. சுமார் 300 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் உங்களைப் போன்ற பிள்ளைகள்.

அதன் பிறகு அதே ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்தில் சட்டம் வந்தது. எரிவாயுவில் நாற்றமடிக்கும் பொருளைக் கட்டாயம் கலக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். மற்ற இடங்களிலும் இந்த வழக்கம் பரவியது.

நம் வீட்டு சிலிண்டரில் இருக்கும் கேஸுக்கும் சொந்த நாற்றம் கிடையாது. அதில் எத்தில் மெர்காப்டன் என்ற பொருளை வேண்டுமென்றே கலக்கிறார்கள். காற்றில் கேஸ் தீப்பிடிக்கும் அளவுக்குச் சேர்வதற்கு வெகு முன்பே, அது நம் மூக்கைத் தட்டி எச்சரித்துவிடும்.

மூக்கும் ஏமாறும்!

ஆனால் மூக்கை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. ஒரே நாற்றத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்குக்குப் பழகிவிடும். "நாற்றம் போய்விட்டது" என்று தோன்றும். போயிருக்காது! கார்பன் மோனாக்சைடு போன்ற நச்சு வாயுக்களுக்கு வாசனையே கிடையாது. எனவே, நாறுவதெல்லாம் விஷமும் அல்ல, நாறாததெல்லாம் நல்லதும் அல்ல.

கேஸ் நாற்றம் வந்தால் என்ன செய்வது?

* உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.
* எந்த சுவிட்சையும் போடாதீர்கள். எரிவதை அணைக்கவும் வேண்டாம். இரண்டிலுமே பொறி வரலாம்.
* தீக்குச்சி, லைட்டர், விளக்கு எதையும் பற்றவைக்கக் கூடாது.
* பெரியவர்கள் அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடட்டும். கதவு, ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அதனால் கதவைத் திறப்பது மிகவும் முக்கியம்.
* எல்லோரும் வெளியே வந்த பிறகு, 1906 என்ற எண்ணுக்கு போன் செய்யச் சொல்லுங்கள். கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் அது.

நியூ லண்டன் பள்ளிப் பிள்ளைகளை எச்சரிக்க ஒரு நாற்றம் இல்லாமல் போயிற்று. நமக்கு இருக்கிறது. இன்றைக்கே அம்மா, அப்பாவிடம் ரெகுலேட்டரை எப்படி மூடுவது என்று காட்டச் சொல்லுங்கள். 1906 என்று பெரிதாக எழுதி, வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். செய்வீர்கள்தானே?